கரிக்காற்றில் ஒரு வெள்ளை லக்கா

கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய தெருக்களில் காலையில் மொட்டை மாடியைப் பெருக்கினால் முறம் கறுத்துவிடும். இராத்திரி காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதை அந்தத் தூளே சொல்லிவிடும். இரும்பை உருக்கும் உலைகளும் கம்பி இழுக்கும் ஆலைகளும் ஊருக்கு வேலை கொடுத்தன. கூடவே இதையும் கொடுத்தன. வெள்ளை வேட்டியைக் கொடியில் போடுகிறவர்கள் உலர்ந்த கையோடு எடுத்துவிடுவார்கள். தண்ணீர்த் தொட்டி மூடியிலும் வண்டி சீட்டிலும் விரலால் பெயர் எழுதலாம். இந்த ஊரில் ஒருவர் வெள்ளைப் புறா வளர்க்கிறார். வளர்ப்பதோடு நிற்காமல் அதைக் காட்சிக்கும் கொண்டுபோகிறார்.

எங்கள் மாடிக்கும் அவர் மாடிக்கும் நடுவே இடுப்பளவு சுவர்தான். நான் இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். புறாக்காரரிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்லத் திரும்புவார், கை நின்றுவிடும். அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே நான் வாயைத் திறப்பதில்லை.

நாற்பதைத் தாண்டிய மனிதர். ஆலை ஒன்றில் ஃபிட்டர். வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். மாடிக்கு வந்ததும் முதல் வேலையாக முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுவார். கிரீஸ் விரல் பட்டால் வெள்ளை இறகில் கறை போகவே போகாது. கழுவிய பிறகு கம்பெனியில் கொடுத்த தூசி முகமூடியை மாட்டிக்கொள்வார். உலைத் தூசிக்கென்று கொடுத்ததைப் புறாத் தூசிக்கும் போட்டுக்கொள்கிறார்; அது தேவைதான். புறாவின் இறகுத் தூளையும் காய்ந்த எச்சத்தின் பொடியையும் வருடக்கணக்கில் உள்ளே இழுத்தால் சிலருக்கு நுரையீரல் அழற்சி வந்துவிடும். இருமல் நிற்காது, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். புறா வளர்ப்போர் நுரையீரல் என்றே மருத்துவத்தில் அதற்குப் பெயர். பழைய ஆட்கள் பலர் இதைச் சட்டை செய்வதில்லை. இவர் செய்கிறார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

கூண்டு பெரிது. மேலே ஷீட்டுக் கூரை, மூன்று பக்கம் கம்பிவலை. ஆலைகள் இருக்கும் பக்கத்தில் மட்டும் தார்ப்பாய். காற்று பலமாக அடிக்கும் நாளில் அதன் மேல் நனைந்த கோணிகளைத் தொங்கவிடுவார். மேல் அடுக்கில் அவருடைய மச்சானின் ஹோமர்கள். சென்னைப் பந்தயக்காரர்கள் கூடையில் அடைத்து ஆந்திரப் பக்கம் கொண்டுபோய்த் திறந்துவிட்டால் பறந்து வீடு திரும்பும் ஜாதி. ஓர் ஓரத்தில் இரண்டு ஜோடி கர்ணம். ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடும். 2015-ல் ‘மாரி’ படம் வந்ததிலிருந்து பந்தயப் புறாவைப் பற்றிக் குழந்தைக்குக்கூடத் தெரியும். காட்சிப் புறாவைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. பறந்து ஜெயிப்பது எல்லாருக்கும் புரிகிறது. நின்று ஜெயிப்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கப் பொறுமை வேண்டும்.

கீழ் அடுக்கில்தான் லக்காக்கள். விசிறிவால் என்று புத்தகத்தில் போடுவார்கள். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. பின்தலையில் கொண்டை. கால்விரல் வரை இறகு. மார்பு முன்னால் தள்ளியிருக்கும், கழுத்து பின்னால் வளைந்திருக்கும், வால் தாம்பாளத்தை நிமிர்த்தி வைத்த மாதிரி வட்டமாக நிற்கும். சாதாரணப் புறாவுக்கு வாலில் 12 இறகு. லக்கா வகையில் அது 30, 40 என்று போகும். பெரும்பாலான பறவைகளுக்கு வாலின் அடியில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கும். அலகால் தொட்டு இறகுக்குப் பூசிக்கொள்ளும். இந்த இனத்தில் அந்தச் சுரப்பி தேய்ந்தே போய்விட்டது. இறகைக் காப்பதெல்லாம் உடம்பிலிருந்து உதிரும் மெல்லிய வெண்தூள்தான். நல்ல புறாவைக் கையில் எடுத்து விட்டால் உள்ளங்கையில் அந்தத் தூள் ஒட்டியிருக்கும்.

அவருடைய முதல் ஜோடி பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து வந்ததாம். மகளிடம் சொன்னபோது என் காதில் விழுந்தது. இப்போது இருப்பவை அதன் பேரன் பேத்திகள்.

காட்சி தை மாதம் என்றால் வேலை ஆடியில் தொடங்குகிறது. ஆடியில்தான் இறகு கொட்டும். அதை வெறும் குப்பையாகப் பார்த்துவிட்டுப் போகிறோம். அவரோ ஒவ்வொரு புறாவையும் எடுத்து ரெக்கையை விரித்துப் பார்ப்பார். ரெக்கையின் வெளிப்பகுதியில் பத்துப் பெரிய இறகுகள். உடம்புக்குப் பக்கத்தில் இருப்பது முதலில் விழும். அந்த இடத்தில் புதுசு முளைத்துப் பாதி வளரும்போது அடுத்தது விழும். உள்ளிருந்து வெளியே ஒவ்வொன்றாக இப்படி வரிசையில் மாறி, பத்தும் முடிய ஏறக்குறைய ஆறு மாதம். ஒரே நேரத்தில் எல்லாம் கொட்டினால் பறக்க முடியாமல் பருந்துக்கு இரையாகிவிடும். உடம்பு அப்படி ஒழுங்கு செய்துகொண்டிருக்கிறது. வாலும் உடம்பும் இந்தக் காலத்துக்குள்ளேயே மாறிவிடும். புதுசாக வரும் இறகு முதலில் நீலம் பாய்ந்த குச்சியாக இருக்கும். உள்ளே ரத்தம் ஓடும். அடிபட்டால் ஒழுகும்.

ஆடி பிறந்ததும் ஜோடிகளைப் பிரித்துவிட்டார். ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம். குஞ்சுக்கும் ஊட்டிக்கொண்டு இறகும் முளைக்கவைக்க எந்த உடம்பாலும் முடியாது. தீனியும் மாறியது. கம்பும் சோளமும் குறைந்து, பச்சைப்பயறு, பட்டாணி, கொண்டைக்கடலை ஏறின. இறகு என்பதே முக்கால்வாசிக்கு மேல் புரதம். பருப்பு போகாமல் அது எங்கிருந்து வரும்? வாரத்தில் சில நாள் ஒரு சிட்டிகை எள்ளும் ஆளிவிதையும். தனிக் கிண்ணத்தில் சிப்பி ஓட்டுத் தூள், செங்கல் பொடி, அடுப்புக்கரி, கொஞ்சம் உப்பு.

ஒரு நாள் மகள் ஒரு தகரடப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். எட்டாம் வகுப்புப் பெண். டப்பா நிறையப் பழைய இறகுகள்.

“இது இன்னா நைனா, குறுக்க கோடு?”

அவர் அந்த இறகை வெயிலுக்கு எதிரே பிடித்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கும் தெரிந்தது. வெள்ளை இறகின் நடுவில், குறுக்காக, முடியளவு மெலிதாய் ஒரு கோடு. அந்த இடத்தில் இழைகள் சன்னமாகி ஒளி ஊடுருவியது. விரலால் நீவினால் அங்கே மட்டும் பிரிந்தது.

“அது பட்டினி இருந்த கோடு. புயல் அப்போ பொறந்த குஞ்சு.”

2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம். சென்னையும் திருவள்ளூர் மாவட்டமும் தண்ணீரில் கிடந்தன. மாடியில் இருந்ததால் புறாக்கள் தப்பின. தீனி மூட்டை கீழே நனைந்துபோனது. தாய்ப்புறாக்கள் இரண்டு நாள் அரை வயிறு. கூட்டில் இருந்த குஞ்சுக்கு அப்போதுதான் இறகு முளைத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு நாளில் வளர்ந்த பகுதி மட்டும் இளைத்துப் போய்விட்டது. பிறகு எவ்வளவு ஊட்டினாலும் வெளியே வந்துவிட்ட இறகைத் திருத்த முடியாது. வளர்ந்து முடிந்த இறகுக்கு உயிர் கிடையாது. அது உதிர்ந்து அடுத்தது முளைத்தால்தான் உண்டு. மறு ஆடியில் அந்தப் புறா புது இறகு போட்டது, கோடு போய்விட்டது. கோடு விழுந்த பழைய இறகை அவர் எடுத்து வைத்திருக்கிறார்.

அந்த டப்பாவைப் பார்த்த பிறகுதான் இந்த வேலை எனக்குப் பிடிபட்டது. தையில் மேசை மேல் நிற்கும் புறாவிடம் நடுவர் பார்ப்பது ஆடியையும் ஆவணியையும் புரட்டாசியையும். எந்த வாரம் தீனி தாமதமானது, எந்த இரவு பூனை வந்து கலவரப்படுத்தியது, எப்போது உடம்புக்கு முடியாமல் கிடந்தது, எல்லாம் இறகில் இருக்கும். கடைசி வாரக் குளியலும் சீவலும் அதை மறைக்காது. தோற்றவர்கள் பலர் குளியலில் கோட்டைவிட்டோம் என்கிறார்கள். கோட்டைவிட்டது பெரும்பாலும் அதற்கு நாலு மாதம் முந்தி.

அப்படியானால் ஷிஃப்ட் மாறும் ஆள் எப்படி வேளை தவறாமல் தீனி வைக்கிறார்? வைப்பது அவரல்ல. நைட் முடித்து அவர் தூங்கும் காலைகளிலும், பகல் ஷிஃப்ட்டுக்குப் பஸ் ஏறிப் போன பிறகும், மனைவிதான் படியேறி வருவார். புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு எச்சத்தைச் சுரண்டி எடுப்பார். தண்ணீர்ப் பாத்திரத்தைத் தேங்காய் நாரால் தேய்ப்பார். குடிதண்ணீரில் வழவழப்பு ஏறினால் வாயில் புண் வரும், தொண்டையில் மஞ்சளாய்ப் படியும் என்று அவருக்குத் தெரியும். மழைக் காலத்துக்கு முன் தடுப்பு சொட்டு மருந்து போடும்போது ஒவ்வொரு புறாவாகப் பிடித்துக் கொடுத்தவரும் அவர்தான். கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றிச் சுற்றி விழும் அந்த நோய் ஒரு கூண்டுக்குள் நுழைந்தால் பாதியைக் கொண்டுபோய்விடும். தினத்தாள் காலண்டரில் கிழிக்காமல் விட்ட தாள்களின் ஓரத்தில் அவர் கையெழுத்து: 7 விழுந்தது, பெட்டைக்குக் கழிச்சல், குளியல். காட்சிக்கான படிவத்தை நிரப்பியதும் அவரே. வளர்ப்பவர் பெயர் என்ற இடத்தில் கணவர் பெயரை எழுதினார். இரண்டு பெயர் எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை. இருந்திருக்க வேண்டும்.

இறகை எண்ணி, அளந்து, குறித்து வைக்கும் இந்த வேலைக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. சார்லஸ் டார்வின் 1855-ல் தன் வீட்டில் புறா வளர்க்க ஆரம்பித்தார். லண்டனில் இருந்த புறா மன்றங்களில் இரண்டில் சேர்ந்து, வளர்ப்பவர்களோடு உட்கார்ந்து பேச்சுக் கேட்டார். பல நாடுகளுக்குக் கடிதம் எழுதிப் புறாத் தோல்களை வரவழைத்தார். இந்தியாவிலிருந்து அவருக்கு அனுப்பியவர் வால்டர் எலியட். மதராஸ் மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்தவர். 1845-ல் அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி மதராசுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான். 1770-ல் எழுதப்பட்ட ஒரு புறா நூலின் மொழிபெயர்ப்பும் டார்வினுக்கு எலியட் வழியாகவே கிடைத்தது. 1859-ல் வந்த ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அதிகாரத்தில் புறாதான் முக்கிய சாட்சி. எலியட்டுக்கு நன்றியும் அங்கே இருக்கிறது. லக்கா வாலின் இறகுக் கணக்கும், சுரப்பி தேய்ந்துபோன செய்தியும் அங்கேயே. அச்சுக்குப் போகுமுன் அந்தக் கையெழுத்துப் படியைப் படித்த ஒருவர், மற்றதை விட்டுவிட்டுப் புறாவைப் பற்றி மட்டும் எழுதினால் எல்லாரும் விரும்பி வாங்குவார்கள் என்று பதிப்பாளருக்கு யோசனை சொன்னாராம்.

அந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. வால் சற்றே பெரிதாக இருந்த புறாவை முதன்முதலில் ஒதுக்கி வைத்தவனுக்கு, அதன் வாரிசுகள் இப்படி ஆகும் என்று கனவில்கூடத் தோன்றியிருக்காது என்கிறார் டார்வின். அக்பரோடு 20,000 புறாக்கள் அரசவை போகுமிடமெல்லாம் போயின என்ற செய்தியையும் அவர் எடுத்துச் சொல்கிறார். பாதுஷாவின் ஆட்கள் செய்ததும் இந்த ஃபிட்டர் செய்வதும் ஒரே வேலை. கூண்டுக்குள் கையை விட்டு, இது இருக்கட்டும், இது போகட்டும் என்று பிரிப்பது. போகட்டும் என்று அவர் ஒதுக்குபவை தெருப் பிள்ளைகளின் கைக்குப் போகின்றன. அவர் யாருக்கும் விற்று நான் பார்க்கவில்லை.

ஐப்பசி மழை தூளை அடக்கியது. மாடி வெளுத்தது. ஆனால் லக்காவுக்கு மழை ஆகாது. நனைந்தால் பஞ்சாய் உறிஞ்சிக்கொண்டு நாள் முழுக்கக் காயாமல் சுருண்டு நிற்கும். கூண்டின் தரை ஈரமானால் கால் இறகு அழுகும். அதற்கு மரச்சீவல் போட வேண்டும். கொண்டுவந்து கொடுப்பவர் தச்சர், கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமைச் சேர்ந்த பெரியவர். சைக்கிளில் இரண்டு மூட்டை கட்டிக்கொண்டு வருவார்.

“தம்பி, இந்தச் சீவல் காணுமோ? பூச்சி மருந்து அடிச்ச பலகை இல்லை. நான் பார்த்துத்தான் கட்டினனான்.”

“போதும் ஐயா. டீ குடிச்சிட்டுப் போங்க.”

மருந்து அடித்த பலகையின் சீவலில் புறா நின்றால் தோல் புண்ணாகும். சொல்லாமலேயே அதைக் கவனித்துப் பொறுக்கிக் கொண்டுவந்த மனிதரை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகையில் ஒரு விபத்து. காட்சிக்கென்று பொறுக்கி வைத்திருந்த ஆண் புறா, பட்டாசு வெடிக்குப் பயந்து கம்பியில் மோதியது. வாலில் ஒரு இறகு நடுவில் ஒடிந்தது. பக்கத்தில் ரெண்டு மூன்று வளைந்துவிட்டன.

ஒடிந்ததை அவர் அன்றைக்கே பிடுங்கினார். புறாவை மடியில் கவிழ்த்து, இறகின் அடியை விரல் நுனியால் இறுக்கிப் பிடித்து, முளைத்த திசையிலேயே ஒரே இழுப்பு. புறா ஒரு தடவை உடம்பைக் குலுக்கியது, அவ்வளவுதான். ஒடிந்த இறகை அப்படியே விட்டால் அடுத்த ஆடி வரை ஒட்டிக்கொண்டிருக்கும். பிடுங்கிவிட்டால் அந்த இடத்தில் உடனே முளை கட்டும். ஆறு வாரத்தில் முழு நீளம் வரும். காட்சிக்கு ஏழு வாரம் இருந்தது.

இதே கை இதே மாதிரி இழுப்பது மோசடியாகவும் ஆகும். வெள்ளைப் புறாவில் ஒரே ஒரு கறுப்பு இறகு இருக்கிறது. காட்சிக்கு முதல் நாள் அதைப் பிடுங்கிவிட்டால் நடுவர் கண்ணில் படாது. அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. சாயம் பூசுகிறவர்களும் உண்டு. இறகைப் பிரித்துப் பார்த்து வெற்றுக் குழியைக் கண்டுபிடித்தால் அந்தப் புறாவை வரிசையிலிருந்தே எடுத்துவிடுவார்கள். பிறந்தபோதே கலப்பாக இருப்பதை இல்லை என்று காட்டுவது வேறு. உடைந்ததற்கு வளர நாள் கொடுப்பது வேறு. என்னைக் கேட்டால் அந்த ஆறு வாரக் காத்திருப்பில்தான் நேர்மை இருக்கிறது.

வளைந்த இறகுகளுக்குப் பிடுங்கல் தேவைப்படவில்லை. மனைவி மாடிக்கே மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுவந்து இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்தார். மூடியைக் கொஞ்சம் நகர்த்தியதும் ஆவி கோடாகக் கிளம்பியது. அவர் புறாவின் தலையைத் தன் பக்கம் வைத்து, உடம்பைத் துண்டால் சுற்றி, வாலை மட்டும் ஆவிக்கு மேலே கொண்டுபோனார். புறாவுக்குச் சுடுகிறதா என்று தெரிய, தன் விரல்களை இறகுக்குக் கீழே வைத்திருந்தார். மகள் வளைந்த இறகை நுனியில் பிடித்துக்கொண்டாள்.

“இழுக்காத. சும்மா புடிச்சிக்க. அதுவா வரும்.”

வந்தது. மடிந்திருந்த நடுத்தண்டு ஆவியில் மெதுவாக நிமிர்ந்து, பிரிந்திருந்த இழைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வளைந்த இடம் எது என்று தேடும்படி ஆகிவிட்டது. அந்தப் பெண் வாயைத் திறந்தபடி நின்றாள். நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றிருந்தேன். அவர் விரல்கள் சிவந்திருந்தன.

மார்கழியில் புறா வீட்டுக்குள் இறங்கியது. காட்சிக் கூண்டு சின்னது. அதில் நிற்கப் பழகாத புறா வாலைச் சுருக்கி மூலையில் ஒதுங்கும். எவ்வளவு நல்ல வாலாக இருந்தாலும் சுருக்கினால் யார் பார்க்க முடியும்? அதனால் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் அதே அளவுக் கூண்டு. முதலில் கொஞ்ச நேரம், பிறகு அரை நாள். சத்தம், வெளிச்சம், வந்து போகும் ஆட்கள் எல்லாம் பழக வேண்டும். அவரோ மகளோ போகும்போதும் வரும்போதும் மெல்லிய குச்சியால் மார்பை லேசாகத் தொடுவார்கள். நிமிர்ந்து நின்றால் ஒரு வேர்க்கடலைப் பருப்பு. நடுவரும் அப்படித்தான் குச்சியால் தொட்டு நிமிர்த்துவார். திறந்த சன்னல் வழியே மாலை நேரங்களில் பார்த்தேன்: சீரியல் ஓடிக்கொண்டிருக்கும், புறா வாலை விரித்து, காலை மாற்றி மாற்றி வைத்து, கழுத்தை அதிரவிட்டுக்கொண்டு நிற்கும். அந்தக் கழுத்து நடுக்கம் நோயில்லை; லக்காவின் பிறவிக் குணம்.

குளியல் காட்சிக்கு மூன்று நாள் முன்பு. முதல் நாள் குளிப்பாட்டினால் உடம்புத் தூளெல்லாம் போய் இறகு வறண்டு நிற்கும். தூள் திரும்பி வர நாள் வேண்டும். மூன்று பேசின். முதலாவதில் வெதுவெதுப்பான தண்ணீரில் குழந்தை ஷாம்பு கொஞ்சம். இறகு முளைத்த போக்கிலேயே கை போனது, எதிரே போகவே இல்லை. தண்ணீர் சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. கார்த்திகைக்குப் பிறகு படிந்த கரியெல்லாம் அதில். இரண்டாவதில் அலசல். மூன்றாவதில் சொட்டு நீலம், ஒரே ஒரு துளி. மனைவிதான் விட்டார், கையை உள்ளே விட்டுக் கலக்கி, நிறத்தைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். வேட்டிக்குப் போடுகிற அளவு போட்டால் புறா நீலமாகிவிடும். கால் செதில்களைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, இண்டு இடுக்கில் இருந்த அழுக்கை ஈர்க்குச்சியால் எடுத்து, தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, விரல் ஏறக்குறையக் காய்ந்த பிறகு தடவினார். கால் இறகில் எண்ணெய் படக் கூடாது.

பிறகு வெயிலில் மூடிய கூண்டு. மேலே மெல்லிய வேட்டித் துணி, தூள் விழாமல். அன்றைக்கு ஆலைப் பக்கத்துக் காற்று. மூன்று பேரும் மாறி மாறி அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

“வேன்ல எடம் இருக்கு, வரீங்களா?” என்று அவராகவே கேட்டார். தலையாட்டினேன். கவரப்பேட்டை தாண்டுகிற வரை ஒருவரும் பேசவில்லை. பெட்டி அவர் மடியில் இருந்தது. வால் இடிக்காத உயரம், தரையில் தச்சரின் சீவல்.

சென்னைப் புறநகரில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண் நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்டு நீள மேசைகள் போட்டிருந்தார்கள். வரிசையாகக் கூண்டுகள். கழுத்தைச் சுற்றி இறகுக் குல்லாய் போட்ட ஜாக்கோபின், தொண்டையை ஊதிக்கொண்டு நிற்கும் பௌட்டர், குண்டுக் கிங், கண்ணை மறைக்கும் பூவோடு பொக்காரா, கறுப்பு உடம்பும் வெள்ளைத் தலையுமாக முக்கி. ஆட்டோ ஓட்டுபவர்கள், மீன் வியாபாரிகள், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள், துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் ஒருவர். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கூண்டு கூண்டாகக் குனிந்து குனிந்து போனார்கள்.

நடுவர் முதலில் கையே வைக்கவில்லை. தள்ளி நின்று வெகுநேரம் பார்த்தார். நிற்கும் நிலைக்குத்தான் முதல் மதிப்பு. பிறகு குச்சியால் தொட்டார். புறா நிமிர்ந்தது, சீரியலுக்குப் பழகிய புறா. வெளியே எடுத்தார். காலில் ரிங்கைத் திருப்பி வருடத்தைப் பார்த்தார். பிறந்த ஏழெட்டு நாளில், முன்விரல் மூன்றையும் சேர்த்து நுழைத்து, பின்விரலைக் காலோடு படிய வைத்து மேலே ஏற்றி மாட்டும் வளையம் அது. கால் வளர்ந்த பிறகு கழற்றவும் முடியாது, மாட்டவும் முடியாது. வயதில் பொய் சொல்ல வழியில்லை. ரெக்கையை விரித்தார். பத்து இறகையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். கோடு இல்லை. வாலை விரித்து, இறகிறகாக அடி வரை பார்த்தார். கார்த்திகையில் ஒடிந்த இடத்தில் விரல் நின்றது. முளைத்து வந்தது மற்றதைவிட நூலளவு நீளம் குறைவு. நடுவர் அவரைப் பார்த்தார்.

“ஒடஞ்சுது சார். நவம்பர்ல எடுத்தேன்.”

நடுவர் தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டார். மூன்றாம் இடம். அட்டையில் ஒரு வரி குறிப்பு: நிலை நன்று, இறகு மிக நன்று, வலது கால் இறகு அடர்த்தி போதாது. அவர் அதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினார். இரண்டு நிமிடத்தில் மனைவியிடமிருந்து அழைப்பு. “அந்தப் பக்கத்துப் பொட்டைக்குக் கால் நல்லா இருக்குங்க, அத்தோட சேத்துடலாம்” என்பது எனக்கே கேட்டது. அவர் சிரித்துவிட்டார். முகமூடி இல்லாமல் அந்த முகத்தை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

கிளம்பும் நேரத்தில் பின்னாலேயே வந்த ஓர் இளைஞன் கேட்டான்.

“அண்ணா, இந்த ஆண் புறாவ குடுப்பீங்களா? இன்னா வெலன்னாலும் பரவால்ல.”

“குடுக்க மாட்டேன்பா. இந்த வாரம் ஜோடி சேக்கறேன். குஞ்சு வேணும்னா பங்குனிக்கு மேல வா, சும்மாவே தரேன். உன் வூட்ல கூண்டு எவ்ளோ அகலம்?”

“மூணடி ணா.”

“பத்தாது, வாலு கம்பில தேயும். நாலடி பண்ணிட்டு வா.”